ஸ்கைரிம் வீடியோ கேமில் மோடை (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் கோப்பை) நடுவில் நீக்குவது பற்றி ஒரு திருத்தம்
"பிடிக்காத மோடைப் பாதி ஆட்டத்தில் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஸ்கைரிமுக்கு இது பொருந்தாது. தோற்றத்தை மட்டும் மாற்றும் டெக்ஸ்சர் மோட் என்றால் சரி, எடுத்துவிடலாம். ஸ்கிரிப்ட், அதாவது ஆட்டத்துக்குள் ஓடும் சிறு நிரல், உள்ள மோட் வேறு. அதன் தரவு, ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கும் சேவ் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், மோட் போனாலும் அந்த மிச்சம் போகாது. அன்றைக்கு ஆட்டம் நன்றாகத்தான் ஓடும். கோளாறு பல மணி நேரம் கழித்து வரலாம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஒரு மாதம் ஆடிய ஆட்டத்தை நான் அப்படித்தான் இழந்தேன், இன்னும் வலிக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு மோடையும் சேர்க்கும் முன் சேவ் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். நீக்கினால் அந்தப் பழைய சேவுக்கே திரும்புங்கள். மோட்களை நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் 2 என்ற மென்பொருள் ஆட்டத்தின் டேட்டா கோப்புறையைக் காக்கும், சேவ் கோப்பைக் காக்காது.