ஐயாயிரம் ரூபாய் வெப்சைட்டும் டொமைனும்

ஐந்தாயிரம் ரூபாய்க்கே கடைக்கு வெப்சைட் போட்டுவிடலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். போடலாம்தான். ஆனால் அந்தப் பணத்தில் என்னென்ன அடங்கும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

கோவையில் கிரைண்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். நானும் முதலில் இப்படித்தான் மலிவாக முடித்தேன். செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, தன் பெயரிலேயே பதிந்துகொண்டார். மறு வருடம் புதுப்பிக்க அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டியதாயிற்று, இல்லையென்றால் கடைப் பெயரே கைவிட்டுப் போயிருக்கும். வெறும் ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் நம் பெயரிலேயே வாங்கியிருக்க வேண்டியது அது! தயவுசெய்து யாரும் இந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

அப்புறம் ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை இணையத்தில் வைத்திருக்கக் கொடுக்கும் வாடகை. முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்காகும். வெப்சைட்டுக்குப் பாதுகாப்பான இணைப்பைத் தரும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. ஆன்லைனில் விற்பதாக இருந்தால் ஒவ்வொரு ஆர்டரிலும், வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கி நமக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே ஏறக்குறைய 2 சதவீதம் பிடிக்கும், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

சரி, நல்ல படங்களும் தமிழில் பொருள் விவரமும் யார் தருவது? எங்களுக்கு அதிகம் செலவானது அதற்குத்தான்.