லோ ஆங்கிள் என்றாலே அதிகாரமா?
கேமராவைத் தாழ்வாக வைத்து மேல்நோக்கி எடுத்தால் (அதுதான் லோ ஆங்கிள்) பாத்திரம் அதிகாரத்தோடு தெரியும் என்று, சினிமாக் காட்சிகளை எப்படிப் படிப்பது என்ற இந்தக் கட்டுரையில் ஒரு விதி மாதிரி சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ என்ற ஹாலிவுட் படத்தில், தேர்தலில் தோற்ற இரவு நாயகன் கேனும் அவன் நண்பன் லேலண்டும் பேசும் காட்சியை ஒருமுறை பாருங்கள், செட்டின் தரையை வெட்டி அதற்குள் கேமராவை இறக்கி எடுத்தார்கள், அவ்வளவு தாழ்ந்த கோணம், கேன் மலை மாதிரி நிற்கிறான், ஆனால் அந்த நேரத்தில் அவன் முழுக்கத் தோற்றுப்போனவன். அது நமக்கு எப்படித் தெரிகிறது? தலைக்கு மேலே கூரை தெரிகிறது (விளக்குகளை மேலிருந்து போட வசதியாக அந்தக் காலத்தில் பெரும்பாலான செட்டுகளுக்குக் கூரையே இருக்காது, இந்தப் படத்தில் துணியால் கூரை செய்தார்கள்), அது அவனைக் கீழே அழுத்துகிறது, சுற்றிலும் ஆளில்லாத அலுவலகம், தரையெல்லாம் குப்பை. கோணம் ஒன்று சொல்கிறது, சட்டகத்துக்குள் (திரையில் தெரியும் படத்துக்குள்) இருக்கும் மற்றதெல்லாம் அதை மறுக்கிறது, காட்சியின் வலியே அந்த முரணில்தான் இருக்கிறது. எனக்கு முன் கருத்துச் சொன்ன ஒரு நண்பர், படத்தில் சிவப்பு உடை வந்தால் ஆபத்து என்று அர்த்தம் என எழுதியிருக்கிறார், அதிலும் இதே சிக்கல்தான், பக்கத்தில் என்ன நிறம், என்ன வெளிச்சம், முன்பு அந்த உடை எந்தக் காட்சியில் வந்தது என்று பார்க்காமல் சிவப்பை மட்டும் தனியாகப் பிடித்து அர்த்தம் சொல்ல முடியாது.