வைண்டிங் கடை நம்பருக்கு ரெண்டு நாளு அலஞ்சேன்

வீட்டுல போர் மோட்டார் எரிஞ்சு போச்சு. சித்திரை வெயிலு, டேங்குல பொட்டுத் தண்ணி இல்ல, அம்மாவுக்கு 80 வயசு. மோட்டார் வைண்டிங் பண்ணுத, அதாவது எரிஞ்ச காயில எடுத்துட்டு புதுக் கம்பி சுத்துத ஆளு நம்பர் ஒண்ணு வேணும், அவ்வளவுதான். போன்ல தேடுனா மொத நாலும் விளம்பரம். ஒண்ணுக்கு அடிச்சேன், ஒரு பொண்ணு எடுத்து பின்கோடு சொல்லுங்க, என்ன சர்வீஸ் வேணும்னு கேள்வியா கேக்கு, பாளையங்கோட்டைன்னா அது எந்த டிஸ்ட்ரிக்ட்டுங்கு! சரிம்மா கடை நம்பர மட்டும் குடுன்னேன், "எங்க பார்ட்னர் கூப்புடுவாங்க சார்"னு வச்சுட்டு. கூப்டானுவ வே. பொழுது சாயதுக்குள்ள 14 கால். ஒருத்தன் மதுரையில இருந்து பேசுதான், ஒருத்தன் புது மோட்டாரே வாங்கிருங்கங்கான், ஒருத்தன் ஏசி சர்வீஸ், ஒருத்தன் பர்சனல் லோன். வைண்டிங் பண்ணுதவன் ஒருத்தன் கெடையாது.

ராத்திரி மச்சுல ஏறி அப்பா வச்சிருந்த பழைய டெலிபோன் டைரக்டரிய எறக்குனேன். அட்டை போச்சு, ஓரமெல்லாம் கரையான். ஆனா பின்னால கடை நம்பரெல்லாம் போடுத மஞ்சப் பக்கத்துல இருந்துச்சு, திருநெல்வேலி பேட்டை ரோட்டுல ஒரு வைண்டிங் கடை, கதவு நம்பரோட. போன் நம்பர் 6 இலக்கம், பொறவுதான முன்னால ஒரு 2 சேத்து 7 ஆக்குனாவ. 2 சேத்து அடிச்சு பாத்தேன், லைன் இல்ல. சரி போய்த்தான் பாப்பமேன்னு காலைல வண்டிய எடுத்துட்டுப் போனா கடை அதே எடத்துல இருக்கு! பழைய கடைக்காரரு மவன்தான் இப்ப பாக்குதான், தரையில காயிலும் கம்பியுமா குமிச்சு வச்சு ரெண்டு பையங்க வேல பாக்குதாவ. அங்க நின்னுக்கிட்டே அந்தக் கடை பேர போட்டுத் தேடுனேன், "நிரந்தரமாக மூடப்பட்டது"ன்னு காட்டுது. தொறந்த கடைக்குள்ள நின்னு பாக்கேன் நான்! கேட்டா, "யாரு போட்டாங்கன்னே தெரியல அண்ணாச்சி, ஒருத்தன் போன் பண்ணி மாசாமாசம் பணம் கட்டுனா மேல காட்டுதோம்னான், நான் வேண்டாம்னுட்டேன்"ங்கான்.

இதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது. நான் படிச்சு முடிச்ச கையோட பாளையங்கோட்டையில ஒரு பிரஸ்ல ஒன்றரை வருஷம் டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல பக்கம் அடிச்சு அடுக்குத வேல பாத்தவன். வியாபாரிகளுக்கு ஒரு லோக்கல் டைரக்டரி அங்க போட்டோம், பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர்ல நான்தான் அடிச்சேன். விளம்பரம் புடிக்கவரு ரசீது புக்க கக்கத்துல வச்சுக்கிட்டு டவுன் ரத வீதி, ஜங்ஷன், மேலப்பாளையம், பேட்டைன்னு சைக்கிள்ல கடை கடையா ஏறி எறங்குவாரு. ப்ரூஃப் எடுத்து கடைக்காரர்ட்டயே கொண்டு போய் காட்டி, சரின்னு கையெழுத்து வாங்கணும். அதுக்கு மேல ராத்திரி உக்காந்து ஒருத்தர் நம்பர ஒவ்வொரு இலக்கமா சத்தமா வாசிக்க இன்னொருத்தர் சரி பாக்கணும். ஓனர் சொல்லுவாவ, "ஏலே, ஒரு இலக்கம் மாறுனா எவனோ ஒருத்தன் ஒரு வருஷம் தூங்க மாட்டாம்ல"ன்னு. தப்பு வந்துட்டுன்னா கடைக்காரர் நேரா பிரஸ்ஸுக்கே வந்து சண்ட போடுவாரு. போட ஒரு எடம் இருந்துச்சு, பதில் சொல்ல ஒரு ஆளு இருந்துச்சு. இன்னைக்கு அந்த வைண்டிங்காரன் யார்ட்ட போயி சண்ட போடுவான் சொல்லுங்க?

டெலிபோன்காரங்க புக்குலயும் குத்தம் இல்லாம இல்ல. இசக்கிய இங்கிலீஷ் I-ல தேடணுமா E-ல தேடணுமான்னே தெரியாது, சுப்பிரமணியன்னு பேரு வச்சா பக்கம் பக்கமா போவும். அச்சாகி வரும்போதே கொஞ்சம் நம்பர் பழசாயிரும். அதுக்கு நம்பர் விசாரிக்குத 197 அடிச்சா ஒரு அம்மா எடுத்து சொல்லுவாவ. இருந்தாலும் பணக்காரனும் எளியவனும் ஒரே அகர வரிசையிலதான் இருந்தான், லேண்ட்லைன் வாங்குனா பேரு தன்னால வந்துரும், மேல காட்டக் காசு கேக்க மாட்டான்.

1878ல அமெரிக்காவுல நியூ ஹேவன்ல மொத டைரக்டரி வந்தப்போ ஒரே ஒரு தாளு, 50 பேரு. அங்கயிருந்து வந்த வழக்கம். பிரிட்டன்ல யெல்லோ பேஜஸ் 2019 ஜனவரியில கடைசி புக்கு போட்டப்போ இதுதான் கடைசின்னு சொல்லிட்டு நிறுத்துனாவ. நம்ம பக்கம் அப்படி ஒருத்தர் சொல்லி நான் கேக்கல, ஒரு வருஷம் வரல, மறு வருஷமும் வரல, அம்புட்டுதான். 2003ல செல்லுக்கு வார காலுக்குக் காசு இல்லன்னு இன்கமிங் ஃப்ரீ ஆச்சு, எல்லாரும் செல்லுக்குப் போய்ட்டாங்க, செல் நம்பர் டெலிபோன்காரங்க புக்குல ஏறல. விளம்பரக் காச வச்சுத்தான் புக்கு ஓடுச்சு, அந்தக் காசு நெட்டுக்குப் போவவும் பேப்பருக்கும் அச்சு மைக்கும் யாரு குடுப்பா? செல் நம்பர் ஒவ்வொருத்தர் சொந்த விசயம், ஊருக்கே போடக் கூடாதுங்காவ. நியாயந்தான், பொம்பளையாளுவ நம்பரெல்லாம் போடவே வேண்டாம். நான் வீட்டு நம்பரயா கேக்கேன், கடை நம்பரல்லா கேக்கேன். அதுவும் போவ, லோன் விக்கவன் அத்தன பேர்ட்டயும் எங்க அம்மா நம்பர் இருக்கு, எனக்கு அவசரத்துக்கு ஒரு மெக்கானிக் நம்பர் கெடைக்க மாட்டுக்கு!

2023 டிசம்பர் 17, 18ல பேஞ்ச மழை ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாளுல 95 சென்டிமீட்டர்னாவ, இங்க கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீசுக்குள்ளயே தண்ணி. எங்க அத்தைக்கு இன்சுலின் தீந்துட்டு. கரண்ட் இல்ல, நெட் சுத்தமா இல்ல, சிக்னல் மட்டும் மாடியில ஒரு மூலையில நின்னா ஒரு கோடு வரும், ஒரு கால் போவும். யாருக்குப் போட? எந்த மருந்துக்கடை நம்பரும் என் கைல இல்ல. நெட்ல எல்லாம் இருக்கு மாமான்னு சொல்லுத மருமவன் பக்கத்துல நின்னு முழிக்கான். கடைசில எதுத்த வீட்டு ஆச்சி பழைய காலண்டர் பின்னால பென்சில்ல எழுதி வச்சிருந்த நம்பர்தான் உதவுச்சு.

பெருசா ஒண்ணும் கேக்கல. அந்தந்த ஏரியா வியாபாரி சங்கம் இருக்குல்லா, மருந்துக்கடை, பிளம்பர், எலக்ட்ரீசியன், வைண்டிங், ஆம்புலன்ஸ்னு நேர்ல போய் கேட்டு 16 பக்கம் அடிச்சு வீட்டுக்கு ஒண்ணு போடுங்கய்யா. டைப் அடிக்கதும் ப்ரூஃப் பாக்கதும் நான் சும்மாவே செஞ்சு தாறேன்.

மோட்டார் மூணா நாளு ரெடியாயிட்டு, தண்ணி வருது. அந்தக் கடை தொறந்துதான் இருக்குன்னு நானே மூணு வாட்டி நெட்ல ரிப்போர்ட் போட்டேன், இந்த நிமிஷம் வர மாறல. பேட்டை ரோட்டுல போறவங்க யாராவது பாத்தா நீங்களும் ஒண்ணு போட்டு விடுங்க.