பாட்டு முடியும் வரையாவது பொறுத்திருக்கலாம்

கோட்டையூரில் சாந்தி வீட்டு விசேஷத்தில் எடுத்த வீடியோ இந்நேரம் உங்கள் எல்லார் போனுக்கும் வந்திருக்கும். நாற்பது நொடி. அதில் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசுவது மட்டும்தான் இருக்கிறது, அதற்கு முன்னால் அண்ணன் ஒருவர் செய்தது இல்லை. காலையிலிருந்து மூன்று பேர் "என்ன ஆச்சி, இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் போய்" என்று கேட்டுவிட்டார்கள். சரி, எழுதியே விடுகிறேன்.

என் ரெக்கார்டு பிளேயரில் ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டிலிருந்து அண்ணன் முள்ளைத் தூக்கினார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கினார்.

பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், என் ஆயா (பாட்டி) உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து முக்காலியில் சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்குகிற என் பிளேயர், அதில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய முருகன் பாட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றுகிற சின்னத் தட்டு. இரண்டாவது பாட்டு பாதி ஓடியிருக்கும். அண்ணன் வந்தார், குனிந்து பார்த்தார், "அய்யய்யோ" என்றார், முள்ளைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். அப்புறம் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. இந்த டப்பா ரெக்கார்டைத் தின்றுவிடும், இதெல்லாம் பொம்மை, ஐம்பதாயிரம் இல்லாமல் வினைல் தட்டுப் பக்கமே வரக்கூடாது. கடைசியில் என்னைப் பார்த்து, "பாக்க அழகா இருக்குன்னு வாங்கிருப்பே, என்ன தங்கச்சி?"

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதற்காக வாங்கவில்லை. ஆறு மாதம் படித்துப் பார்த்து, விலையைக் கூட்டிக் கழித்து, ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். அவர் சொன்னது எனக்குத் தெரியாததும் இல்லை. இந்தப் பெட்டிகளில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ், அதாவது முள்ளைப் பிடித்திருந்து அதன் அதிர்வை மின்சாரமாக்குகிற பாகம். முள் தட்டின் மேல் ஐந்து கிராம், சிலதில் அதற்கும் மேலே அழுத்தும். நல்ல பிளேயரில் இரண்டு, இரண்டரை கிராம் போதும். ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் அதிர்வு முள்ளுக்கே திரும்பி வரும். கூடவே வருகிற நீலக்கல் முனை சீக்கிரம் தேயும், தேய்ந்த முனைதான் தட்டைக் கீறும். அதனால்தான் வாங்கிய வாரமே வைர முனை போட்டேன். சத்தத்தைப் பாதிக்கு மேல் வைப்பதில்லை. பெட்டியின் பின்னால் வெளி ஸ்பீக்கருக்கு ஒயர் சொருக ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். இதையெல்லாம் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே.

"சரி, எப்படியும் தட்டு தேயும்தானே?" என்பீர்கள். தேயும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தட்டு என்று பாருங்கள். அது எங்கள் ஊர் மைக் செட்காரர் கடையை மூடும்போது கொடுத்தது. எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை மார்கழி விடியற்காலை பார்த்த தட்டு. முள் தாவினால் அவர் அதன் தலையில் நாலணாக் காசு வைப்பார், நான் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் தாங்கிய தட்டு என் பெட்டியில் பத்து தரம் ஓடினால் அழிந்துவிடுமா?

அந்தத் தட்டில் இரண்டாவது பாட்டில் ஒரு கீறல் உண்டு. அந்த இடம் வந்தால் முள் தாவும், ஒரு சொல்லின் பின்பாதி போய் அடுத்த அடி பாதியில் தொடங்கும். ஊரில் கேட்டுக் கேட்டு ஆயாவுக்குப் பாட்டே அப்படித்தான் பதிந்துவிட்டது. சாமி வீட்டில் வாய்க்குள் பாடும்போதும் அந்த இடத்தில் தாவித்தான் பாடுவார்கள். போனில் சுத்தமான ஒலியில் அதே பாட்டைப் போட்டுக் காட்டினேன். "இது வேற யாரோ பாடுறாக" என்றார்கள். அன்றைக்குப் பட்டாலையில் அந்தக் கீறல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆயாவின் உதடு அசையத் தொடங்கிவிட்டது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணன் முள்ளைத் தூக்கினார்.

"ஏன் ஆத்தா, நிப்பாட்டிட்டாக?" என்று ஆயா கேட்டதற்கு என்ன பதில் சொல்வது? அஞ்சு கிராம் ஆயா என்றா?

"காசு சேர்த்து நல்லதாக வாங்க வேண்டியதுதானே?" வாங்கலாம். ஆயாவுக்கு எண்பத்தெட்டு வயது. நான் சேர்த்து முடிக்கும் வரை இருக்கச் சொல்லட்டுமா?

"பழைய பொருளைக் காப்பாற்றத்தானே சொன்னார்?" இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நாள் நடந்து பாருங்கள். நம் வீடுகளிலிருந்து போன எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, மரச் சாமான், அதற்கு நடுவே கட்டுக் கட்டாகத் தட்டுகள். ஒரு விடுதியின் சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள், அந்த ஆணி தட்டைக் கெடுக்கும் என்று யாரும் பேசவில்லை. எங்கள் பெரிய வீட்டில் பங்கு பிரித்தபோது ஒரு பெட்டி நிறைய 78 தட்டை, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய தட்டை, மாடியிலிருந்து இறக்குகிறோம் என்று கீழே போட்டார்கள். அரக்குத் தட்டு, அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்த அண்ணனும் அன்றைக்கு அங்கேதான் இருந்தார். "போனால் போகுது, யாரு கேக்கப் போறா" என்றார். அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

தட்டு நமக்கு ஏதோ நேற்று வந்த நாகரிகமும் இல்லை. ஏ.வி.மெய்யப்பனின் அப்பா காரைக்குடியில் நடத்திய கடையிலேயே கிராமபோன் தட்டு விற்றார்கள், ஏ.வி.எம். கதை தொடங்குவதே அங்கேதான். எங்கள் ஐயா பர்மாவிலிருந்து வரும்போது சாவி கொடுக்கிற பெட்டி ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் எஃகு ஊசி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று மாற்ற வேண்டும், தட்டின் மேல் அழுத்துகிற பாரம் நூறு கிராமுக்கு மேல். அது அரக்கு, இது வினைல் என்கிற பிளாஸ்டிக், இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான், வினைலை அதில் வைத்தால் ஒரே தடவையில் உரித்துவிடும். நான் சொல்ல வருவது வேறு. அன்றைக்கு வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், தட்டு சுற்றும்போது ஊரே வந்து கேட்டது, யாரும் யாரிடமும் உன் தகுதி என்ன என்று கேட்கவில்லை.

இன்பாக்சில் எது வாங்கலாம் என்று கேட்ட பிள்ளைகளுக்கு: கையில் பதினைந்து, இருபதாயிரம் இருந்தால் ஸ்பீக்கர் தனியாக இருக்கிற பிளேயராகப் பாருங்கள், சந்தேகமே இல்லை, அதுதான் நல்லது. இல்லையென்றால் சூட்கேஸ் பெட்டி வாங்குங்கள். முனையை மாற்றுங்கள், ஆடாத மேசையில் வையுங்கள், முள்ளின் தலையில் காசு மட்டும் வைத்துவிடாதீர்கள். மூவாயிரம் கொடுத்து வாங்கிய புதுத் தட்டை அதில் தினமும் ஓட்டாதீர்கள். 78 தட்டைச் சாதாரண ஊசியில் வைக்கவே வேண்டாம், அதன் பள்ளம் அகலம், மூன்று மடங்கு பருத்த முனை வேண்டும். அப்புறம் பாட்டைக் கேளுங்கள். யாரையும் கேட்காமல் கேளுங்கள்.

அண்ணன் நேற்று இரவு ஒரு பிளேயரின் லிங்க் அனுப்பியிருக்கிறார். அறுபத்திரண்டாயிரம். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குப் பெரிய வீட்டைத் திறப்பார்கள். சாமான் அறையில் இன்னும் ஒரு பெட்டி 78 இருக்கிறது என்று ஆயா சொல்கிறார்கள். அதற்கான ஊசி வாங்கி வைத்துவிட்டேன். அண்ணன் வரட்டும், முள்ளை அவரே வைக்கட்டும். தூக்குகிற வேலையை மட்டும் ஆயா சொல்லும்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.