நெல்லின் சுணை

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இயங்கும் ஓவியர் குழுவின் பெயர் தாரிங் பாடி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் நெல்லின் கோரைப்பல் என்று பொருள் வரும். கதிர் அறுத்துக் கட்டுச் சுமந்தவர்களிடம் இதற்கு வேறொரு சொல் இருக்கிறது. உடம்பில் பட்டால் நாள் முழுவதும் அரித்துக்கொண்டே இருக்கும் அதைச் சுணை என்பார்கள். அதிகாரத்தின் தோலில் தங்கள் கலை அப்படி உறுத்த வேண்டும் என்று விரும்பிய இளைஞர்கள், 32 ஆண்டுகள் அதிகாரத்தில் இருந்த சுகார்த்தோ பதவி விலகிய 1998ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில், இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். கைவிடப்பட்டுக் கிடந்த கலைக் கல்லூரி வளாகம் ஒன்றில் குடியேறி, அங்கேயே சமைத்து, உறங்கி, வேலை செய்தார்கள்.

அவர்கள் தேர்ந்துகொண்ட ஊடகம் மரச்செதுக்கு. பலகையைச் செதுக்கி, மை தடவி, தாளிலோ துணியிலோ ஒற்றியெடுக்கும் இந்த முறைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரே பலகையிலிருந்து எத்தனையோ படிகள் எடுத்துச் சுவரெங்கும் ஒட்டலாம். நான் பெரிதாக மதிப்பது இன்னொன்றை. அந்தப் படங்களில் தனி ஓவியரின் கையெழுத்து இருக்காது, குழுவின் முத்திரை மட்டுமே இருக்கும். ஓவியரின் பெயரை வைத்தே படத்துக்கு விலை பேசும் சந்தையில் இது எளிதில் எடுக்கக்கூடிய முடிவு அல்ல. 1965-66இல் நடந்த படுகொலைகளோடு லெக்ரா என்ற இடதுசாரிப் பண்பாட்டு அமைப்பும் தடை செய்யப்பட்டு, அரசியல் பேசும் ஓவியம் என்பதே அச்சத்துக்குரியதாகிவிட்ட நாட்டில், மக்களிடம் இறங்கிச் சென்று வேலை செய்யும் அந்த அறுபட்ட மரபை இவர்கள் மீண்டும் கையில் எடுத்தார்கள். 2006இல் கிழக்கு ஜாவாவின் சிதோவார்ஜோவில் பூமி பிளந்து பொங்கிய சேறு ஊர்களை மூழ்கடித்தது. அங்கே வீடிழந்தவர்களோடும் சேர்ந்து இவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். அட்டையில் வெட்டி வண்ணம் தீட்டிய ஆளுயரப் பாவைகளை ஊர்மக்களும் குழுவினரும் சேர்ந்தே செய்து, போராட்ட ஊர்வலங்களில் ஏந்திச் செல்வது இவர்களின் வழக்கம்.

இவ்வளவு வேலை செய்த குழுவை உலகம் அறிந்துகொண்டது ஒரு பழியின் வழியாக என்பது எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. 2022இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியை நடத்தும் பொறுப்பு, ஜகார்த்தாவின் ருவாங்ருப்பா என்ற கலைக்குழுவிடம் இருந்தது. அறுவடையில் மிஞ்சியதை ஊரார் சேர்த்துவைத்துப் பகிரும் லும்புங் என்ற பொதுக் களஞ்சியத்தை முன்மாதிரியாகக் கொண்டு, அவர்கள் பல நாடுகளின் கலைக்குழுக்களை அழைத்திருந்தார்கள். தாரிங் பாடி 2002இல் வரைந்த ‘மக்கள் நீதி’ என்ற பெரும் பதாகை அங்கே நிறுவப்பட்டது. சுகார்த்தோ ஆட்சியையும் அதைத் தாங்கிப்பிடித்த வெளிநாட்டுச் சக்திகளையும் சாடிய அந்தக் கூட்டச் சித்திரத்தில், யூதர்களை இழிவுபடுத்தும் உருவங்களும் இருந்தன. கண்டனம் எழுந்தது, பதாகை முதலில் கறுப்புத் துணியால் மூடப்பட்டு, அடுத்த நாளே இறக்கப்பட்டது.

அந்த உருவங்கள் தவறானவை, அவற்றை நான் எந்தச் சூழலையும் காட்டி நியாயப்படுத்த மாட்டேன். இருபது ஆண்டுகளாக அவை யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்தது குழுவின் பொறுப்பைக் குறைக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து வரைகிறோம், யாரும் பெயர் போடுவதில்லை என்ற ஏற்பாட்டில், சேர்ந்து திரும்பிப் பார்ப்பதும் அடங்கியிருக்க வேண்டும். குழு மன்னிப்புக் கேட்டது. சுணை என்ற சொல்லுக்கு மான உணர்ச்சி என்ற பொருளும் நம்மிடம் உண்டு. அந்த மன்னிப்பில் அதைக் கண்டேன். ஆனால் அதே நகரில், பழைய நீச்சல்குளக் கட்டடம் ஒன்றில், இக்குழுவின் இருபதாண்டுக்கு மேலான உழைப்பு காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. பதாகையைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதினார்கள்?

இறக்கப்பட்ட படங்களையெல்லாம் ஒரே கணக்கில் சேர்ப்பதையும் நான் ஏற்பதில்லை. மலேசியாவின் சபா மாநிலத்தில், ராணாவ் என்ற மலையூரைச் சேர்ந்த பங்ரோக் சூலாப் என்ற குழுவும் மரச்செதுக்கில்தான் வேலை செய்கிறது. பங்ரோக் என்பது பங்க் ராக் என்ற இசைவகைப் பெயரின் உள்ளூர் உச்சரிப்பு. சூலாப் என்றால் உழவர்கள் இளைப்பாறும் குடிசை. சபாவின் நிலைமையைச் சித்தரித்த இவர்களின் படைப்பு 2017இல் கோலாலம்பூர் கண்காட்சியிலிருந்து ஒரு புகாரின் பேரில் அகற்றப்பட்டது. சொந்த மண்ணின் உண்மையைச் சொன்னதற்காக ஒரு படத்தை அகற்றுவதும், இன்னொரு மக்களை இழிவுபடுத்தியதற்காக ஒரு படத்தை இறக்குவதும் ஒன்றல்ல. முன்னது அநீதி, பின்னது தாமதமாக வந்த திருத்தம்.

பங்ரோக் சூலாப் குழுவினர் அச்செடுக்கும் முறையைப் பார்த்தால், கூட்டு உழைப்பு என்று நான் சொல்வது விளங்கும். செதுக்கிய பலகையில் மை தடவி, துணியை விரித்து, இசையை ஒலிக்கவிட்டு, வந்திருக்கும் எல்லோரையும் அதன்மேல் ஏறி மிதித்து ஆடச் சொல்கிறார்கள். துணியைத் தூக்கிப் பார்க்கும்போது, எந்தக் கோடு யார் காலடியில் பதிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.