குழந்தையின் அம்மா எங்கே?

என் மகள் அவள் அப்பாவின் நிறம். செம்பட்டை முடி, வெளிர் நீலக் கண்கள். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டருகே உள்ள பூங்காவில் அவளை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் சிநேகமாகச் சிரித்து, "இந்த வீட்டில் எத்தனை நாளாக வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நான்தான் அம்மா என்றதும் பதறி மன்னிப்புக் கேட்டார். பிறகு என் நரையைப் பார்த்து, "தத்தெடுத்தீர்களா?" என்றார். இல்லை, 41 வயதில் பெற்றேன். ஊரில் என் பெரியம்மா இதைக் "காலம் போன காலத்தில்" என்பார்.

2017-ல் பேராசிரியர் ராபர்ட் கெல்லி பூசானிலிருந்து பிபிசி நேரலையில் பேசும்போது, அறைக்குள் அவருடைய இரு குழந்தைகள் நுழைந்த காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஓடிவந்து அவர்களை இழுத்துப்போனவர் அவர் மனைவி கிம் ஜங்-ஆ. உலகம் முழுவதும் எத்தனையோ பேர் அவரை ஆயா என்றே முடிவுகட்டினார்கள். கொரியாவில், கொரியப் பெண்ணை, அவர் சொந்த வீட்டுக்குள்!

என் வருத்தம் இரண்டு நாளில் ஆறிவிடும். ஆறாத ஒன்றை என் தோழி சொன்னாள். கறுப்பினப் பெண், வழக்கறிஞர், இப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நீதிமன்றத்துக்குப் போவதுபோல் கோட்டு அணிந்துகொள்கிறாள். வாயைத் திறந்ததும் தன் தொழிலைச் சொல்லிவிடுகிறாள். ஏன் என்று கேட்டேன். "இல்லையென்றால் எனக்கு வலிக்கிறது என்பதையே நம்பமாட்டார்கள்" என்றாள்.

அவள் மிகைப்படுத்தவில்லை. 2017 செப்டம்பரில் குழந்தை பெற்ற மறுநாள் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு மூச்சு முட்டியது. அவருக்கு ஏற்கெனவே நுரையீரலில் ரத்தம் உறைந்த அனுபவம் உண்டு. சி.டி. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கொடுங்கள் என்று அவரே சொன்னார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்தார். முதலில் கால்களைத்தான் ஸ்கேன் செய்தார்கள். கடைசியில் சி.டி. எடுத்தபோது நுரையீரலில் ரத்தக் கட்டிகள் இருந்தன. புகழும் பணமும் உள்ளவருக்கே இந்த நிலை.

2023-ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இறந்த வெள்ளையினத் தாய்மார் 14.5, கறுப்பினத் தாய்மார் 50.3. வறுமைதான் காரணம் என்று அவசரப்படாதீர்கள். கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் பேறுகால இறப்பு விகிதம், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிட அதிகம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வே காட்டியிருக்கிறது. படிப்பாலும் இந்த இடைவெளியைத் தாண்ட முடியவில்லை.

இந்த அவநம்பிக்கை வளர்க்கப்பட்டது. 1976 அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில் ரொனால்ட் ரீகன் ஊர் ஊராகச் சிகாகோப் பெண் ஒருத்தியின் கதையைச் சொன்னார்: 80 பெயர்கள், 30 முகவரிகள், எல்லாவற்றிலும் அரசு உதவித்தொகை. அந்தப் பெண் ஏமாற்றியது உண்மை. ஆனால் உதவித்தொகை மோசடி வழக்கில் நிரூபணமானவை இரண்டு பொய்ப் பெயர்கள். ரீகன் அவள் இனத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து உதவி பெறும் ஒவ்வொரு கறுப்பினத் தாயும் அந்தப் பெண்ணாகவே பார்க்கப்பட்டாள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது நம்மவர்கள் மீது. இந்தப் பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கல் தட்டோடு உட்கார்ந்து, "நாம் வரி கட்டுகிறோம், அவர்கள் சின்ன வயதிலேயே பெற்றுத் தள்ளுகிறார்கள்" என்று ஒருவர் சொன்னார். மேசையே தலையாட்டியது. 1991-ல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 62 பிரசவங்கள். 2023-ல் சுமார் 13. கறுப்பினப் பெண்களிடையேயும் பெரும் சரிவுதான். அதைச் சொன்னேன். பேச்சு உடனே பள்ளிக்கூட மதிப்பெண்களுக்குத் தாவிவிட்டது.

என் தோழியின் அம்மா அவளை 18 வயதில் பெற்றவர். மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது கல்யாண மோதிரம் இருக்கிறதா என்று எல்லார் கண்ணும் முதலில் தன் விரலுக்குத்தான் போகும் என்று இன்றும் சொல்கிறார். இரவுப் பணி பார்த்துப் பெண்ணை வழக்கறிஞராக்கிய அவரிடம் இதுவரை ஒருவர்கூட எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டதில்லையாம்.

தோழிக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். பிரசவ அறையில் என்னையும் இருக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் எப்போது வலி என்றாள், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று மணியோடு எழுதுவது என் வேலை. நோட்டுப் புத்தகத்தை நேற்றே கொடுத்துவிட்டாள். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருக்கிறது: தலைவலி, மூச்சுத்திணறல், கால்வீக்கம். இவற்றில் எதை நான் சொன்னாலும் விடாதே.