டவர் லொகேஷன் என்றால் ஆள் அங்கேதான் இருந்தாரா?

இரண்டு வருடம் முன்பு அரிச்சல்முனையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றபோது போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: இலங்கைக்கு நல்வரவு, ரோமிங் கட்டணம் இவ்வளவு. தனுஷ்கோடி போய் வந்த பலருக்கும் இது பழக்கம்தான். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் கட்டடமோ மரமோ கிடையாது, வெறும் கடல். அந்தப் பக்கத்து சிக்னல் பலமாகக் கிடைத்ததும் போன் அதைப் பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து டிவியில் 'செல்போன் டவர் காட்டிக்கொடுத்தது' என்று கேட்டாலே எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

ஒரு டவரில் பெரும்பாலும் மூன்று பக்கமும் ஆன்டெனா இருக்கும், ஆளுக்கு 120 டிகிரி. போலீஸ் போன் நிறுவனத்திடம் வாங்கும் சிடிஆரில், அதாவது அழைப்புப் பதிவில், இருப்பது, போன் எந்த டவரின் எந்தப் பக்கத்தோடு பேசியது என்பதுதான். அந்தத் துண்டு நகரத்தில் நாலு தெரு, கிராமப்புறத்தில் நாலு ஊர். பக்கத்து டவரில் கூட்டம் அதிகமென்றால் போன் தள்ளி இருக்கும் டவருக்கும் போகும். சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடலாம், உண்மைதான். 2ஜியில் அதன் ஒரு படி சுமார் 550 மீட்டர், 4ஜியில் 78 மீட்டர். ஆனால் சாதாரண சிடிஆரில் அந்தக் கணக்கு இருக்காது.

டென்மார்க்கில் இது பெரிய விவகாரமே ஆனது. நிறுவனங்கள் தந்த மூலத் தரவைப் போலீஸின் மென்பொருள் மாற்றும்போது சில பதிவுகள் விடுபட்டன. சில போன்கள் தவறான டவர்களோடு சேர்ந்தன. 2019 ஆகஸ்டில் இந்தத் தரவை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைப்பதை இரண்டு மாதம் நிறுத்தினார்கள். 2012 முதலான சுமார் 10,700 வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. விசாரணைக் காவலில் இருந்த 32 பேர் வெளியே வந்தார்கள். பிழை இரண்டு பக்கமும் வெட்டும், குற்றவாளி தப்பியிருக்கவும் வாய்ப்புண்டு.

டவர் தரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'இந்தப் பகுதியில் இருந்திருக்கலாம்' என்பதற்கு அது நல்ல சாட்சி. 'இந்த வீட்டில் இருந்தார்' என்று அதை வைத்துச் சொல்லும்போதுதான் பிரச்சனை. வழக்கறிஞர் நண்பர்கள் அந்த டவரின் வீச்சு அன்று எவ்வளவு, யார் போய் அளந்து பார்த்தார்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்கிறார்களா?

அரிச்சல்முனையில் அன்று நான் ஒரு கால் பேசியிருந்தால், இலங்கை டவர் ஒன்றின் பதிவில் என் நம்பர் ஏறியிருக்கும். எனக்கு இன்னும் பாஸ்போர்ட்கூட கிடையாது.